வீட்டில் செய்த சப்வூஃபரில் ஓயாத இரைச்சல்: எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுவண்ணை_தச்சன் (ஞாயிறு, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். நான் புதுவண்ணாரப்பேட்டையில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். மரவேலை என் தொழில். மின்னணு வேலை ஓய்வு நேரத்தில் கற்றுக்கொண்டது. ஆகவே கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதமாக ஒரு சப்வூஃபர், அதாவது தாழ்ந்த (பேஸ்) ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி, செய்துவந்தேன். பத்து அங்குல, நான்கு ஓம் வூஃபர், 18 மி.மீ. ப்ளைவுட்டில் உள்ளளவு ஏறத்தாழ 50 லிட்டர் வரும் பெட்டி. காற்று வெளியேற 75 மி.மீ. பிவிசி குழாய், 14 செ.மீ. நீளம். டிடிஏ7294 ஐசி வைத்த ஆம்ப் போர்டு, தாழ்ந்த ஒலியை மட்டும் உள்ளே விடும், 4558 ஐசி வைத்த ஃபில்டர் போர்டு, 24-0-24 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பிளஸ், மைனஸ் என்று பக்கத்துக்கு ஒரு 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியவை. ஆம்ப் முழுவதையும் பெட்டிக்கு வெளியே ஒரு தகரக் கூட்டில் வைத்து, மூன்று பின் பிளக் போட்டிருக்கிறேன். டிவியின் ஒலி என் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருக்குப் போய், அதன் ப்ரீ-அவுட்டிலிருந்து (பெருக்கும் முன் ஒலியை வெளியே எடுக்கும் வாய்) ஆர்சிஏ வயர் வழியாக இந்தச் சப்வூஃபருக்கு வருகிறது.

பெட்டியின் வேலையில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் சத்தத்தில் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. பாட்டே ஓடாதபோதும் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்கிறது. இரவில் அடுத்த அறை வரை கேட்கும். பாட்டு ஓடும்போது சில தாளங்களுக்கு மட்டும் "கிர்ர்" என்று ஏதோ அதிர்கிறது. ஒலியைக் கூட்டினால் குழாய் வாயிலிருந்து "புஸ் புஸ்" என்று காற்றுச் சத்தம் வருகிறது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா ஏற்கெனவே ஒரு முறை மேலே வந்து, "மோட்டார் எதுவும் ஓடுதா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

வியாசர்பாடி_பந்து (ஞாயிறு, இரவு 10.15)

அண்ணா, 4700 போதாது. பக்கத்துக்கு 10000 மைக்ரோஃபாரட் போடுங்கள், ரீங்காரம் அடங்கிவிடும். அப்படியும் அடங்கவில்லை என்றால் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு இரண்டு பின்னில் ஓட்டிப் பாருங்கள். என் வீட்டில் அதைச் செய்த மறுநொடியே சத்தம் நின்றது.

பெரம்பூர்_பணிமனை (திங்கள், காலை 6.20)

முதலில் வியாசர்பாடித் தம்பிக்கு. எர்த் பின்னைக் கழற்றினால் சத்தம் நிற்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் தகரக் கூட்டுக்குள் 230 வோல்ட் வயர் ஒன்றின் உறை தேய்ந்து கூட்டைத் தொட்டால், ஃபியூஸ் போகவும் வழியில்லாமல், டிரிப்பர் விழவும் வழியில்லாமல், கூடு முழுவதும் மின்சாரத்தோடு காத்துக்கொண்டிருக்கும். அதை முதலில் தொடுகிறவர் எர்த் வயரின் வேலையைச் செய்வார். முப்பது ஆண்டுக்கு மேல் மின்சார வேலை பார்த்தவன் என்பதால் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ரீங்காரத்துக்கு வேறு வழிகள் உண்டு, அவற்றுக்கு வருகிறேன்.

கண்டென்சர் விஷயம். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் பாலம் வடிவ ரெக்டிஃபையருக்குப் பின் வரும் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்: மின்னோட்டத்தை 100-ஆலும் கண்டென்சரின் அளவாலும் வகுத்தால் போதும். பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும் டிடிஏ7294 சுமார் 30 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். 4700 மைக்ரோஃபாரட்டுக்கு அது 64 மில்லிவோல்ட் ஏற்ற இறக்கம். அந்த ஐசி தன் சப்ளையில் உள்ள அழுக்கைக் குறைந்தது ஆயிரத்தில் ஒரு பங்காக ஒடுக்கிவிட்டுத்தான் வெளியே விடும். ஆகவே கண்டென்சர் நல்ல நிலையில் இருந்தால், சும்மா இருக்கும்போது வரும் ரீங்காரத்துக்கு அது காரணமாக முடியாது. ஓர் ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் அதே கணக்கு 2 வோல்ட்டுக்கு மேல் போகும் என்பதால், பெரிய கண்டென்சர் பலத்த ஒலியில் உதவும். ஆனால் நண்பர் கேட்டது அதை அல்ல.

இப்போது தச்சன் தம்பிக்கு. ரீங்காரத்தைத் துரத்தும்போது நான் முதலில் கேட்பது, "அது எந்தக் குரலில் பாடுகிறது?" என்பதைத்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வெளியிலிருந்து வயர் வழியாகப் புகும் ரீங்காரம் பெரும்பாலும் அந்த 50-இலேயே, அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று ஒலிக்கும். ரெக்டிஃபையரிலிருந்து வருவது 100-இல் தொடங்கி 200, 300, 400 என்று மேலே மேலே அடுக்கிக்கொண்டு போவதால், "ஜீஈ" என்று கூர்மையாக, வண்டு பறப்பதுபோல் கேட்கும்.

சப்வூஃபரில் இன்னொரு வசதியும் உண்டு. உங்கள் ஃபில்டர் போர்டு 100 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒவ்வொரு எண்மத்துக்கும் (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வெட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 400 ஹெர்ட்ஸ் அதைக் கடக்கும்போது பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதாவது, கூர்மையான "ஜீஈ" ஃபில்டருக்கு முன்னால் நுழைந்திருந்தால் அதன் கூர்மை அங்கேயே மழுங்கியிருக்க வேண்டும். வூஃபரில் காதை வைத்துக் கேட்கும்போது கூர்மை இருந்தால், அந்தச் சத்தம் ஃபில்டரைத் தாண்டிய பிறகுதான் உள்ளே வந்திருக்கிறது. வெறும் "ம்ம்ம்" மட்டும் என்றால் அது எங்கிருந்தும் வந்திருக்கலாம்.

ஆகவே மூன்று சோதனை செய்யுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டுங்கள். அப்போதும் சத்தம் கேட்டால் அது டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகளே அதிர்வது, ஒலிச்சுற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்பீக்கரை மாட்டி, ஆர்சிஏ வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த வாயின் நடுப்பின்னையும் வெளிவளையத்தையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு அதே நிலையில் வால்யூமை அடியிலிருந்து உச்சி வரை திருப்பிக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன குரல், எவ்வளவு பலம் என்பதை எழுதுங்கள்.

கூட்டைத் திறந்து கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களை 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் காலிசெய்துவிடுங்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடும் பழக்கம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

புதுவண்ணை_தச்சன் (திங்கள், இரவு 9.05)

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கடையிலிருந்து வந்தவுடன் செய்து பார்த்தேன்.

ஸ்பீக்கரைக் கழற்றினால் ஏறத்தாழ அமைதி. கூட்டில் காதை ஒட்டவைத்தால் மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் லேசாக முனகுகிறது. ஆர்சிஏ வாயைக் கம்பியால் இணைத்ததும் அந்தப் பெரிய "ம்ம்ம்" அப்படியே மறைந்துவிட்டது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் முழு அமைதி இல்லை. வூஃபரிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால், இத்தனை நாள் பெரிய சத்தத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு மெல்லிய "ஜீஈ" தெளிவாகக் கேட்கிறது. வால்யூமை எங்கே திருப்பினாலும் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்படியானால் என்னிடம் இருப்பது ஒரு ரீங்காரம் அல்ல, இரண்டு.

எண்ணூர்_அலை (திங்கள், இரவு 9.50)

சரியாகப் பிரித்துவிட்டீர்கள். வால்யூமுக்குக் கட்டுப்படாத, கூர்மை மழுங்காத சத்தம் என்றால் ஃபில்டருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில்தான் தேட வேண்டும். கூட்டுக்குள் கிரவுண்ட் வயர்கள் எதிலிருந்து எதற்குப் போகின்றன என்று வரிசையாகச் சொல்ல முடியுமா? குறிப்பாக, ஃபில்டர் போர்டின் கிரவுண்டையும் ஆம்ப் போர்டின் உள்ளீட்டுக் கிரவுண்டையும் எங்கே இணைத்தீர்கள்?

புதுவண்ணை_தச்சன் (திங்கள், இரவு 10.10)

டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயர், அந்த "0", ரெக்டிஃபையர் பக்கத்தில் ஒரு திருகுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு சாண் நீள வயர் கண்டென்சர்களுக்குப் போகிறது. ஆம்ப் போர்டின் கிரவுண்ட் அந்தக் கண்டென்சர் பக்கத்தில்தான். ஃபில்டர் போர்டின் கிரவுண்டையும், ஷீல்டு வயரின் உறையையும், தகரக் கூட்டையும் அந்தத் திருகிலேயே கட்டினேன். இடம் வசதியாக இருந்தது. எல்லாம் கிரவுண்டுதானே என்று நினைத்தேன்.

எண்ணூர்_அலை (செவ்வாய், காலை 7.30)

"எல்லாம் கிரவுண்டுதானே" என்ற அந்த நினைப்பில்தான் நம்மில் பெரும்பாலோர் விழுந்து எழுந்திருக்கிறோம், நானும் அப்படித்தான். வயர் என்றால் அதற்கு ஒரு தடை உண்டு, மின்னோட்டம் ஓடினால் இரு முனைகளுக்கும் இடையில் ஒரு வோல்டேஜ் வித்தியாசம் உண்டு.

நடு வயரிலிருந்து கண்டென்சர்கள் சேரும் இடம் வரை உள்ள உங்கள் ஒரு சாண் வயரில், கண்டென்சர்கள் நிரம்பும்போதெல்லாம் மின்னோட்டம் சுருக்சுருக்கென்று துடிப்பாக ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிகளும் அச்சடித்ததுபோல் ஒன்றாக இருந்தால் துடிப்புகள் ஒன்றையொன்று ரத்துசெய்துகொள்ளும். நாம் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மரில் அப்படி அமைவது அரிது. வயரும் அதன் முறுக்கும் சேர்ந்து 10 மில்லிஓம் என்றும், மிச்சப்படும் துடிப்பு 0.3 ஆம்பியர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிவோல்ட் ஆகிறது. உங்கள் ஃபில்டர் போர்டு அந்த வயரின் ஒரு முனையையும், ஆம்ப் போர்டு மறுமுனையையும் கிரவுண்ட் என்று நம்பிக்கொண்டிருப்பதால், இந்த 3 மில்லிவோல்ட் பாட்டோடு பாட்டாக ஆம்புக்குள் நுழைகிறது. டிடிஏ7294-ஐ வழக்கமாக 30 டெசிபல், அதாவது 32 மடங்கு பெருக்கும்படி அமைப்பார்கள். ஸ்பீக்கரில் ஏறத்தாழ 0.1 வோல்ட். ராத்திரி பதினொரு மணிக்கு அது தாராளமாகக் கேட்கும்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு கண்டென்சர்களும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு தடித்த செம்புக் கம்பியை இரண்டு அங்குலம் வெளியே இழுத்து, அதன் நுனியை மட்டும் கிரவுண்ட் என்று கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் திரும்பும் வயர், ஆம்ப் போர்டின் கிரவுண்ட், ஃபில்டர் போர்டின் கிரவுண்ட் மூன்றும் தனித்தனியாக அந்த நுனிக்கு வரட்டும். டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயர் கண்டென்சர்களில் நேராகச் சேரட்டும், நுனிக்கு வர வேண்டாம். ஷீல்டு வயரின் உறையை ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள். தகரக் கூட்டுக்கு பிளக்கின் எர்த் வயர் நேராக, திருகி, பற்றவைத்து வர வேண்டும். கூட்டுக்கும் கிரவுண்ட் நுனிக்கும் இடையில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரையும், அதற்கு இணையாக 35 ஆம்பியர் பாலம் ரெக்டிஃபையர் ஒன்றை இருபக்கமும் கடத்தும்படி இணைத்தும் வையுங்கள். சிறு ரீங்கார மின்னோட்டத்துக்கு 10 ஓம் முட்டுக்கட்டை போடும். உண்மையான கோளாறு வந்தால் டயோடுகள் கடத்தி ஃபியூஸைப் போக்கும்.

கூட்டை எர்த்தில் இறுக்கும் முன் ஒன்றைச் சரிபார்க்கவும். டிடிஏ7294-இன் முதுகுத் தகடு உள்ளுக்குள் மைனஸ் சப்ளையோடு இணைந்தது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் அதற்கும் இடையில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இல்லாமலோ, திருகில் பிளாஸ்டிக் வாஷர் இல்லாமலோ இருந்து, ஹீட்சிங்க் கூட்டையும் தொட்டால், போர்டு புகைந்துவிடும். மீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். முதல் முறை ஓட்டும்போது மின்சாரம் வரும் வயரில் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டு ஓட்டுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நலம், பிரகாசமாகவே எரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

கேட்காத ஒரு கருத்து: 24-0-24 இந்த வேலைக்கு அதிகம். 24-ஐ 1.414-ஆல் பெருக்கி டயோடு இழப்பைக் கழித்தால் பக்கத்துக்கு 32, 33 வோல்ட் வரும். அந்த ஐசியின் தரவுத்தாள் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 70 வாட்டைப் பக்கத்துக்கு 27 வோல்ட்டில் சொல்கிறது. 20-0-20 போட்டால் கிட்டத்தட்ட அந்த 27 வந்துவிடும். ஐசி இவ்வளவு சுடாது.

வியாசர்பாடி_பந்து (செவ்வாய், காலை 8.45)

பெரம்பூர் ஐயா, நேற்று இரவே எர்த் பின்னைத் திரும்ப மாட்டிவிட்டேன். சத்தமும் திரும்ப வந்துவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். டிவிக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸில் கேபிள் வயரைத் திருகும்போது விரலில் எப்போதும் சுருக்கென்று ஒரு ஷாக் அடிக்கும், பல வருடமாக அப்படித்தான். நேற்று அந்தக் கேபிளைக் கழற்றியதும் சப்வூஃபர் ரீங்காரம் நின்றுவிட்டது. கேபிளில் ஓடுவது படம்தானே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெரம்பூர்_பணிமனை (செவ்வாய், மாலை 5.30)

தம்பி, நீங்கள் செய்த சோதனையைத்தான் தச்சன் தம்பிக்கும் அடுத்துச் சொல்ல இருந்தேன்.

கேபிள் வயரின் வெளிப்பின்னல் தெருவில் வீடு வீடாக, கூரை கூரையாகப் போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் செட்டாப் பாக்ஸ், டிவி இவற்றின் அடாப்டர்களுக்குள் இரைச்சலை வடிக்க ஒரு சிறு கண்டென்சர் இருக்கும்; அதன் வழியாக மின்சாரம் மிகச் சிறிய அளவில் இந்தப் பின்னலுக்குக் கசியும். இப்படிப் பல வீடுகளின் கசிவு சேர்ந்து, நிலத்துக்கு இறங்க வழியில்லாமல் மிதந்துகொண்டிருக்கிறது. உங்கள் விரலில் சுருக்கென்றது அதுதான். இப்போது உங்கள் சப்வூஃபருக்கு நல்ல எர்த் இருக்கிறது. கேபிளின் பின்னலிலிருந்து செட்டாப் பாக்ஸ், டிவி, ஸ்டீரியோ ஆம்ப், ஆர்சிஏ வயரின் உறை, சப்வூஃபரின் கூடு, எர்த் என்று அந்தக் கசிவுக்கு ஒரு பாதை திறந்துவிட்டது. தெருவின் கசிவெல்லாம் உங்கள் ஆர்சிஏ உறை வழியாக இறங்குகிறது, 50 ஹெர்ட்ஸில். எர்த் பின்னைக் கழற்றினால் பாதை மூடும், சத்தம் நிற்கும். கூடவே பாதுகாப்பும் போகும்.

பாதையை வேறு இடத்தில் வெட்ட வேண்டும். கடையில் "கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்" என்று ஒரு சிறு டப்பி விற்கிறார்கள். அதற்குள் நகக்கண் அளவு டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு இருக்கும். சாதாரண ஸ்பீக்கருக்கு அது பரவாயில்லை. சப்வூஃபருக்கு வேண்டியதே 30, 40 ஹெர்ட்ஸ் என்பதால், அவ்வளவு சிறிய இரும்பு அங்கே திணறி, ஒலியைத் தேய்த்துவிடும். டிவியில் ஆப்டிகல் வாய் இருந்தால் அதுவே மேல். அதில் போவது வெளிச்சம்; பிளாஸ்டிக் இழையில் மின்சாரம் ஓட வழியில்லை. வெளிச்சத்தை ஒலியாக மாற்றும் சிறு டாக் பெட்டி ஒன்றை ஸ்டீரியோ ஆம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் "பிசிஎம்" என்று மாற்றாவிட்டால் பெட்டியிலிருந்து சத்தமே வராமல் போகலாம், பயந்துவிடாதீர்கள்.

காசிமேடு_மைக்செட் (செவ்வாய், இரவு 11.20)

எல்லாரும் ரீங்காரத்திலேயே நிற்கிறீர்கள். "கிர்"ரும் "புஸ்"ஸும் என்ன ஆயிற்று? எங்கள் குடும்பம் கல்யாணம், கோயில் விழாக்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடும் குடும்பம், பெட்டி பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

"புஸ்" சுலபம். 75 மி.மீ. குழாயின் உள்விட்டம் 70 மி.மீ. வரும். 50 லிட்டர் பெட்டிக்கு 14 செ.மீ. நீளத்தில் அது 35 ஹெர்ட்ஸுக்குப் பொருந்துகிறது. நீளக் கணக்கில் நீங்கள் தவறவில்லை. ஆனால் பத்து அங்குல வூஃபர் தள்ளும் காற்று முழுவதும் அந்தச் சின்ன வாயில் முட்டிமோதி வர வேண்டியிருக்கிறது. காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டினால் சத்தம் காதில் படத் தொடங்கும் என்பது பெட்டி செய்பவர்கள் கையாளும் கணக்கு. 110 மி.மீ. குழாய்க்கு மாறினால் வாயின் பரப்பு இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம், வேகம் பாதிக்கும் கீழே. அதற்கு விலை நீளம்: அதே 35 ஹெர்ட்ஸுக்கு 33 செ.மீ. வேண்டும். பெட்டியின் ஆழம் போதாவிட்டால் ஒரு எல்போ போட்டுத் திருப்பி, நடுக்கோட்டில் அளந்துகொள்ளுங்கள். உள்முனைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையில் குழாயின் ஒரு விட்ட அளவாவது இடைவெளி வேண்டும். குழாயே மூன்று லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஒரு ஹெர்ட்ஸ் ஏறும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். வாயின் விளிம்பை ரவுட்டரில் உருட்டிவிடுங்கள், தச்சருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"கிர்" வேறு கதை. போனில் ஒரு அலை உண்டாக்கும் ஆப் போட்டு, 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றுங்கள். எந்த எண்ணில் கிர்ரென்கிறதோ அங்கேயே நிறுத்திவிட்டு, பெட்டியைச் சுற்றி ஒவ்வொரு இடமாகக் கையால் அழுத்துங்கள். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, வூஃபரின் விளிம்பு, ஸ்பீக்கர் வயர் நுழையும் கப், மூலை இணைப்புகள் என்று நகர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யவும். புகை நேராக ஏறாமல் எங்கே வெட்டி வெட்டி ஆடுகிறதோ அங்கே காற்று கசிகிறது.

வூஃபரிலேயே கோளாறா என்று பார்க்க, இரண்டு கையின் விரல்களையும் கூம்பில் சுற்றிலும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். மணல்தாளில் தேய்ப்பதுபோல் உணர்ந்தால் உள்ளே கம்பிச்சுருள் (காயில்) உரசுகிறது, வேறு வூஃபர்தான். எங்கள் பக்கம் உப்புக் காற்று வேறு, ஆர்சிஏ பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும். அதையும் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள்.

புதுவண்ணை_தச்சன் (சனி, மாலை 6.50)

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். கையில் கிடைத்த நேரமெல்லாம் இதிலேயே போயிற்று.

எண்ணூர் நண்பர் சொன்னபடி கிரவுண்ட் வயர்களை எல்லாம் அறுத்துவிட்டு மறுபடி கட்டினேன். மைக்கா இருந்தது, ஆனால் ஒரு திருகில் வாஷர் உடைந்திருந்தது, ஹீட்சிங்க் கூட்டைத் தொடாததால் இதுவரை தப்பியிருக்கிறேன். மாற்றிவிட்டேன். குண்டு பல்பு மின்னி மங்கியது. ஆர்சிஏ வாயைக் கம்பியால் இணைத்துக் கேட்டபோது, வூஃபரின் டஸ்ட் கேப்பில் (கூம்பின் நடுவில் உள்ள மூடி) காதை ஒட்டினால்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் திருகைத் தளர்த்தி மெல்ல மெல்லத் திருப்பியபோது ஓரிடத்தில் அந்த மிச்சமும் குறைந்தது, அங்கேயே இறுக்கினேன்.

கேபிள் விஷயமும் ஐயா சொன்னபடியேதான். கழற்றினால் நிசப்தம், மாட்டினால் "ம்ம்ம்". டாக் பெட்டி ஒன்று வாங்கி ஆப்டிகல் வயரில் இணைத்தேன். முதலில் சத்தமே வரவில்லை. பிசிஎம் என்று மாற்றியதும் வந்தது. இப்போது கேபிள் மாட்டியிருந்தும் ரீங்காரம் இல்லை, எர்த் பின்னும் அதன் இடத்தில் இருக்கிறது. ஒரே குறை, டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. எழுந்துபோய் ஸ்டீரியோ ஆம்பின் குமிழைத் திருப்ப வேண்டியிருக்கிறது. விளம்பரம் வரும்போதெல்லாம் என் அம்மா என்னைப் பார்க்கிறார்.

110 மி.மீ. குழாய் போட்டாயிற்று, எல்போவோடு. "புஸ்" இல்லை.

ஊதுபத்தி என் கர்வத்தை உடைத்துவிட்டது. மூலை இணைப்புகள் எல்லாவற்றிலும் புகை நூல் பிடித்ததுபோல் நேராக ஏறியது. ஆனால் வயர் நுழையும் பிளாஸ்டிக் கப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனவுடன், 38 ஹெர்ட்ஸில், புகை குட்டிக் குட்டியாக வெட்டுப்பட்டு வெளியே துப்பப்பட்டது. அந்தக் கப்பை நான் நான்கு திருகு மட்டும் போட்டு, அடியில் எதுவும் வைக்காமல் மாட்டியிருந்தேன். நாளை சிலிகான் பூசப் போகிறேன்.

எண்ணூர்_அலை (சனி, இரவு 7.15)

சிலிகான் வேண்டாம், ஃபோம் டேப் போதும். பின்னால் கழற்றவும் வசதி. சிலிகான்தான் என்றால், புளித்த காடி வாசனை வரும் வகை காயும்போது அசிட்டிக் அமில ஆவி விடும், செம்பை அரிக்கும். வூஃபரைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசி, ஒரு முழு நாள் காய்ந்து வாசனை போன பிறகு மாட்டுங்கள்.

புதுவண்ணை_தச்சன் (திங்கள், இரவு 10.30)

ஃபோம் டேப் வைத்தேன். 38 ஹெர்ட்ஸ் சரியாகிவிட்டது. ஆனால் 46-இல் இன்னொரு "கிர்" இருந்தது. பெட்டியில் எங்கே அழுத்தினாலும் நிற்கவில்லை, புகையும் நேராகவே ஏறியது. கம்பிச்சுருள் உரசுகிறதோ என்று காசிமேடு அண்ணன் சொன்னபடி கூம்பை அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய்போல் போய் வந்தது. இரண்டு இரவுகள் இதிலேயே கழிந்தன. பெட்டிக்குள் இன்னொரு குறுக்குச் சட்டம் போடலாம் என்று மரம் கூட அறுத்துவிட்டேன்.

நேற்று இரவு ஆம்பை நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்திருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று விரைவுச் சாலையில் பள்ளத்தில் இறங்கி ஏறிய அதே நேரத்தில், அதே "கிர்ர்" என் தலைமாட்டில் கேட்டது. பிளக்கே சுவரில் இல்லை. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், பரணில் அம்மா அடுக்கியிருந்த எவர்சில்வர் சம்புடங்களில் கடைசி இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டிருந்தன. இடையில் ஒரு பழைய துண்டை மடித்துச் செருகினேன். இன்று 46-ஐ அரை மணி நேரம் ஓடவிட்டேன், ஒன்றும் இல்லை.

காசிமேடு_மைக்செட் (திங்கள், இரவு 10.50)

பெட்டியின் மேல் பழி போட்டு மரத்தை அறுத்த தச்சர் என்று இனி எங்கள் கடையில் இந்தக் கதை ஓடும். அறுத்த சட்டத்தை வீணாக்க வேண்டாம். வூஃபருக்கும் பின்சுவருக்கும் நடுவில் குறுக்காக வையுங்கள், 18 மி.மீ. ப்ளைவுட் ஆனாலும் அந்தச் சுவர் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

பெரம்பூர்_பணிமனை (செவ்வாய், காலை 6.05)

நன்று. டிரான்ஸ்ஃபார்மரை 20-0-20-க்கு எப்போது மாற்றப் போகிறீர்கள்?

புதுவண்ணை_தச்சன் (செவ்வாய், காலை 6.40)

சம்பளம் வந்ததும், ஐயா. அதுவரை ஹீட்சிங்குக்குப் பக்கத்தில் ஒரு 12 வோல்ட் சிறு விசிறியை வைத்திருக்கிறேன். அது ஒரு சத்தம் போடுகிறது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.